பள்ளியில் ஓடிய கால் 42 வயதில் மராத்தான் தாங்குமா?

கேட்டவர் மதுரைக்காரர். வயது 42, எடை 84 கிலோ, கீழமாசி வீதிப் பக்கம் மளிகை மொத்தக் கடை. ப்ளஸ் டூ படிக்கும்போது 1,500 மீட்டரை 4 நிமிடம் 40 விநாடியில் ஓடி மாவட்ட அளவில் இரண்டாம் பரிசு வாங்கியவர். அதற்கப்புறம் ஓட்டமே இல்லை. போன மாதம் தெப்பக்குளத்தில் மறுபடி ஆரம்பித்திருக்கிறார், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகனும் கூட வருகிறான். மூன்றாம் நாளே ஐந்து கிலோமீட்டர் ஓடிவிட்டார். மூன்றாம் வாரம் முன்னங்கால் எலும்பில் வலி. வரும் ஜனவரியில் சென்னையில் முழு மராத்தான், அதாவது 42 கிலோமீட்டர், ஓட வேண்டும், எந்த ஷூ வாங்கலாம், எந்த அட்டவணை நல்லது என்று கேட்கிறார். கேள்வியை இரண்டு தடவை படித்தேன். ஷூவும் அட்டவணையும் மேலே மிதக்கின்றன. அடியில் கிடக்கிற கேள்வி இதுதான்: "நான் முன்னமே ஓடியவன்தானே, பழைய ஓட்டம் சீக்கிரம் திரும்பி வந்துவிடும் இல்லையா?"

தம்பி, நான் முப்பது வருடத்துக்கு மேல் பள்ளியில் பி.டி. வாத்தியாராக இருந்தவன். பட்டியாலாவில் தடகளப் பயிற்சிக்கான ஆறு வாரச் சான்றிதழ் படிப்பு முடித்திருக்கிறேன். ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்பிருந்தே ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் காலையில் பெரியவர்களுக்கு ஓடச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். மருத்துவம் படித்தவன் இல்லை. அதனால் டாக்டர் பார்க்க வேண்டிய இடம் வரும்போது டாக்டரிடம் போகச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வேன்.

உங்கள் கேள்விக்குப் பதில், பாதி திரும்பும், அதுவும் வேகமாகத் திரும்பும் என்பது. சிக்கலே அங்கேதான். ஓட ஆரம்பித்த ஓரிரு வாரத்திலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் கூடுதல் ரத்தம் தள்ளுகிறது. ஒன்றரை மாதத்துக்குள் தசைக்குள்ளே ஆக்சிஜனை எரிக்கும் வேலையும் தேறிவிடும். மூச்சு வாங்குவது குறைந்ததும், "ஆகா, வந்துட்டோம்" என்று தோன்றும். ஆனால் எலும்புக்கும் தசைநாணுக்கும் அந்த வேகம் கிடையாது. பளு கூடியதும் எலும்பு தன்னைத் திருத்திக்கொள்ளப் பார்க்கும். அதற்கு முதலில் பழைய எலும்பைச் சில வாரங்கள் அரித்து எடுக்கும், பிறகு மூன்று மாதம் போலப் புதிதாகக் கட்டும். எடுத்ததற்கும் கட்டி முடித்ததற்கும் நடுவில் அந்த இடம் முன்பைவிடப் பலவீனமாக இருக்கும். மாசி வீதியில் கடை வைத்திருப்பவருக்குத் தோண்டிப் போட்ட ரோட்டைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. தார் போடுவதற்குள் லாரியை விட்டால் என்ன ஆகுமோ, மூன்றாம் வாரம் உங்கள் காலுக்கு ஆனதும் அதுதான்.

என் அனுபவத்தில் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். என்னிடம் வருபவர்களில் காலைக் கெடுத்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் பழைய ஓட்டக்காரர்கள். வாழ்க்கையிலேயே ஓடாதவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். சத்துணவுக் கூடத்தில் வேலை பார்க்கும் ஓர் அம்மா 52 வயதில் வந்தார், சேலையோடு வந்து பார்த்துவிட்டு அடுத்த நாள் சுடிதாரில் வந்தார். ஒரு நிமிடம் ஓடு என்றால் ஒரு நிமிடம், நட என்றால் நடை. பதினான்கு மாதத்தில் 21 கிலோமீட்டர் முடித்தார், ஒரு நாள் கூட நொண்டவில்லை. அதே மாதம் சேர்ந்த பழைய பல்கலைக்கழக ஓட்டக்காரர் ஒருவர் மூன்று முறை நின்று நின்று ஆரம்பித்தார். உங்கள் 4:40 என்பது கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 7 விநாடி. அந்தத் தாளம் உடம்புக்குள் எங்கேயோ இன்னும் இருக்கிறது. இன்றைக்கு நீங்கள் ஓட வேண்டியது கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம். அது உங்களுக்கு ஓட்டமாகவே தெரியாது, அவமானமாகக்கூட இருக்கும்.

எனக்கும் இருந்தது. 46 வயதில், ஆண்டு விளையாட்டு விழாவில் ஆசிரியர்களுக்கு நூறு மீட்டர் வைத்தார்கள். பி.டி. வாத்தியார் தோற்றால் பையன்கள் விடுவார்களா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றேன். விசில் அடித்து ஒரு முப்பது மீட்டர் போயிருப்பேன், பின்னாலிருந்து எவனோ கெண்டைக்காலில் கல்லால் அடித்தான். சத்தமே கேட்டது. யாருடா அது என்று திரும்பிப் பார்த்தேன், பின்னால் தமிழ் ஐயா மட்டும் மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தார். கல்லுமில்லை, ஒன்றுமில்லை. கெண்டைக்கால் தசை கிழிந்திருந்தது. நடுவயதில் இப்படிக் கிழிபவர்கள் எல்லோருமே "யாரோ அடித்தார்கள்" என்றுதான் சொல்வார்கள் என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். ஏழு வாரம் மைதானத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தே வகுப்பெடுத்தேன்.

சரி, உங்கள் வலிக்கு வருவோம். கணுக்காலுக்கு மேலே, முன்னெலும்பின் உள்விளிம்பைக் கட்டைவிரலால் கீழிருந்து மேலாக அழுத்திக்கொண்டே வாருங்கள். நாலைந்து விரல் அகலத்துக்குப் பரவலாக வலித்தால், ஓட ஆரம்பிக்கும்போது வலித்து உடம்பு சூடானதும் குறைந்தால், அது பெரும்பாலும் ஷின் ஸ்பிளிண்ட் என்பார்கள். ஓட்டத்தை நிறுத்தி நடையாக மாற்றி, இரண்டு மூன்று வாரம் பொறுத்து, முன்பைவிடக் குறைவாக ஆரம்பித்தால் சரியாகும். விரல் நுனி வைக்கிற ஒரே ஓர் இடத்தில் சுருக்கென்று வலித்தால், ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தால், அந்த ஒற்றைக் காலில் குதிக்க முடியாமல் போனால், எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். அப்போது என் பேச்சைக் கேட்காமல் எலும்பு டாக்டரிடம் போங்கள். ஒரு விஷயம் மட்டும் மனதில் வையுங்கள்: இந்த விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று மறுநாளே ஓடிப் பெரிதாக்கிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். சந்தேகம் தீராவிட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள்.

டாக்டரிடம் போகும்போதே இன்னொன்றையும் முடித்துவிடுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, ஈ.சி.ஜி. நம் ஊரில் நாற்பது வயதில் சர்க்கரை இருப்பதும், இருப்பது தெரியாமல் இருப்பதும் சாதாரணம். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ சின்ன வயதில் மாரடைப்பு வந்திருந்தால் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். ஓடினால் இதயம் நின்றுவிடுமா என்று பயப்படுபவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மராத்தானும் அரை மராத்தானும் ஓடிய ஒரு கோடியே ஒன்பது லட்சம் பேரில் 59 பேருக்கு இதயம் நின்றது. மிகக் குறைவுதான். ஆனால் ஓட்டக் கோட்டுக்கு வந்து நின்றவர்களின் கணக்கு அது, பரிசோதனையே செய்யாமல் தெப்பக்குளத்தில் இறங்குபவர்களுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் ஓடும்போது நெஞ்சு இறுக்கம், தாடை வலி, கண் இருட்டல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால் அன்றைக்கு ஓட்டம் முடிந்தது என்று அர்த்தம். "கேஸ்" என்று சோடா குடித்துவிட்டு மறுபடி ஓடாதீர்கள்.

வேகத்துக்கு வருவோம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லாத விஷயம், உங்கள் ஓட்டத்தில் பெரும்பகுதி பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் இருக்க வேண்டும் என்பது. மகனிடம் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் சரியான வேகம். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு என்றால் வேகம் கூடிவிட்டது. கைக்கடிகாரம் காட்டும் துடிப்பை வைத்து ஓடலாமா என்றால், வைத்துக்கொள்ளுங்கள், நம்பி இருக்காதீர்கள். 220-லிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு என்ற சூத்திரம் கூட்டத்துக்குப் போட்ட சராசரி. தனி மனிதருக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு மேலேயோ கீழேயோ இருப்பது சகஜம். வெயில் நாளில் அதே வேகத்துக்கே துடிப்பு ஏறும்.

எப்படி ஆரம்பிப்பது? வலி போன பிறகு, வாரத்துக்கு மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். பத்து நிமிடம் நடை. பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி ஏழெட்டு முறை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டி நடையைக் கொஞ்சம் குறையுங்கள். பத்துப் பன்னிரண்டு வாரத்தில் அரை மணி நேரம் நிற்காமல் ஓடுவீர்கள். "நடுவில் நடந்தால் அது ஓட்டமா சார்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். அழகர்மலையிலிருந்து வைகைக்கு 21 கிலோமீட்டர் என்பார்கள். கள்ளழகரே வழியெல்லாம் மண்டகப்படி மண்டகப்படியாக நின்று நின்றுதான் மதுரைக்கு வருகிறார். வந்து சேரவில்லையா? முழு மராத்தானிலும் நாலு கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் என்று கணக்காக நடந்தே முடிப்பவர்கள் ஏராளம். ஆரம்பத்திலிருந்தே திட்டம் போட்டு நடப்பது வேறு, முப்பதாவது கிலோமீட்டரில் கால் சொல்லி நடப்பது வேறு. பழனிக்குப் பாதயாத்திரை போய் வந்தவர்கள் என்னிடம் வரும்போது பாதி வேலை எனக்கு மிச்சம், மணிக்கணக்கில் காலில் நிற்கப் பழகியிருப்பார்கள். நாள் முழுக்கக் கடையில் நிற்பவர் என்பதால் உங்களுக்கும் அதில் கொஞ்சம் பங்கு உண்டு.

எவ்வளவு வேகமாகத் தூரத்தைக் கூட்டலாம் என்பதில்தான் நான் அடக்கி வாசிக்க வேண்டும். வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாதே என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் இருபது வருடம் வேதவாக்காகச் சொன்னேன். நெதர்லாந்தின் கிரோனிங்கனில் புதிதாக ஓட வந்தவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குப் பத்து சதவீதக் கணக்கில் மெதுவாகவும் இன்னொன்றுக்கு வழக்கம்போலவும் கூட்டிப் பார்த்தார்கள். 2008-ல் வெளியான முடிவுப்படி இரண்டு பக்கமும் ஐந்தில் ஒருவருக்கு அடிபட்டது, வித்தியாசம் இல்லை. ஆகவே அந்தப் பத்தில் மந்திரம் ஒன்றுமில்லை. அதற்காக இஷ்டம்போல் கூட்டலாம் என்றும் இல்லை. நான் இப்போது சொல்வது, மூன்று வாரம் மெல்லக் கூட்டு, நாலாவது வாரம் குறை, ஒரே நாளில் அதுவரை ஓடாத தூரத்துக்குத் தாவாதே. இது முப்பது வருடப் பழக்கத்தில் வந்த கணக்கு, ஆராய்ச்சி முடிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஓடாத நாளில் காலுக்குப் பலம் ஏற்றுங்கள். இதை யாரும் செய்வதில்லை, செய்தவர்கள் நொண்டுவதில்லை. மூட்டை இறக்கும் படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து நில்லுங்கள். இரண்டு காலாலும் எழும்பி, ஒற்றைக் காலில் மெதுவாக, நாலு எண்ணுவதற்குள் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்குங்கள். காலுக்குப் பதினைந்து, மூன்று தடவை. கல்லாவில் கூட்டம் இல்லாத மத்தியான நேரத்தில் முடிந்துவிடும், வேலையாட்கள் முதல் நாள் சிரிப்பார்கள். அப்புறம் தோப்புக்கரணம். கணக்குப் பாடம் வராததற்குப் போட்டதை இப்போது முட்டிக்காகப் போடுங்கள், பத்து பத்தாக மூன்று முறை. ஓடுவதற்கு முன்னால் குனிந்து நிமிர்ந்து அரை நிமிடம் இழுத்துப் பிடிக்கும் பயிற்சிகள் அடிபடாமல் காப்பாற்றும் என்று நாங்கள் பள்ளியில் சொல்லிக்கொடுத்ததற்கு ஆதாரம் பெரிதாக இல்லை. பத்து நிமிட விறுவிறு நடை போதும். இழுத்துவிட்டால் சுகமாக இருக்கிறது என்றால் ஓடி முடித்தபின் செய்யுங்கள், கெடுதல் இல்லை.

ஷூவைப் பற்றி நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்கு என்னிடம் சரக்கு இல்லை, கடைக்காரரிடம் நிறைய இருக்கும். உள்ளங்கால் வளைவைப் பார்த்து இந்தக் காலுக்கு இந்த ஷூ என்று பிரிப்பது கேட்க நன்றாக இருக்கிறது, அப்படிப் பிரித்துக் கொடுத்ததால் அடி குறைந்ததாகத் தெளிவான சான்று இல்லை. சாயங்காலம் போங்கள், நாள் முழுக்க நின்று கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஓடும்போது போடும் சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் அரைக் கட்டைவிரல் இடம் வேண்டும், குதிகால் நழுவக் கூடாது. கடைக்குள்ளேயே ஓடிப் பார்த்து, எது காலில் இருப்பதே தெரியவில்லையோ அதை வாங்குங்கள். அடியில் கார்பன் தகடு பதித்த விலை உயர்ந்த பந்தய ஷூ உங்களுக்கு இப்போது வேண்டாம். பள்ளியில் வெறுங்காலில்தானே ஓடினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நம் நாட்டு மராத்தான் வீரர் சிவ்நாத் சிங்கும் வெறுங்காலில் ஓடிப் பெயர் வாங்கியவர்தான். 1978-ல் ஜலந்தரில் அவர் மராத்தான் ஓடிய 2 மணி 12 நிமிடத்தைப் பல பத்தாண்டுகள் இந்தியாவில் ஒருவராலும் தொட முடியவில்லை. ஆனால் அவர் காலுக்கு இருபத்தைந்து வருட கல்லாப்பெட்டி இடைவெளி கிடையாது. செருப்பில் பழகிய 84 கிலோவை வெறும் பாதத்தில் தார்ரோட்டில் இறக்கினால் பாத எலும்புகள்தான் கணக்குக் கேட்கும்.

"மூட்டு தேஞ்சு போகும்டா" என்று அம்மா சொல்கிறார்கள் என்றீர்கள். அம்மாவுக்கு நல்ல செய்தி உண்டு. 2017-ல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதம், உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம், போட்டிக்காகவே கடுமையாக ஓடுபவர்களில் 13.3 சதவீதம். இதில் ஓர் ஓட்டையும் இருக்கிறது. மூட்டு நன்றாக இருப்பவர்கள்தானே தொடர்ந்து ஓடுவார்கள்? எனவே ஓடினால் மூட்டு வலுக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அளவாக ஓடினால் தேயும் என்பதற்கு ஆதாரம் இல்லை, அவ்வளவுதான். ஏற்கெனவே மூட்டில் அடிபட்டு ஜவ்வு கிழிந்தவர்கள் கதை வேறு, அவர்கள் கேட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும்.

ஓடும் இடம். தெப்பக்குளம் நல்ல இடம்தான். குளத்தைச் சுற்றி ஒரு வட்டம் ஏறக்குறைய ஒன்றேகால் கிலோமீட்டர், எந்த மூலையில் வலித்தாலும் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். ஆனால் ஆறு மணிக்கு மேல் பஸ்ஸும் ஆட்டோவும் உங்களைத் தள்ளிவிடும். எப்போதும் வலமாகவே சுற்றாமல் ஒரு நாள் இடமாகவும் ஓடுங்கள், ரோடு சரிந்திருக்கும் பக்கத்துக் காலே எல்லாச் சுமையையும் வாங்க வேண்டாம். தெப்பத் திருவிழா அன்றைக்கு வேண்டுமானால் வலம் வந்துகொள்ளலாம். வாரத்துக்கு ஒரு நாள் ரேஸ்கோர்ஸ் செயற்கை ஓடுபாதைக்கு வாருங்கள், 400 மீட்டர் என்று அளந்து வைத்திருப்பதால் எவ்வளவு மெதுவாக ஓடுகிறோம் என்பதைப் பழகிக்கொள்ள முடியும். நீண்ட ஓட்டத்துக்கு ஞாயிற்றுக்கிழமை திருப்பரங்குன்றம் கிரிவலப் பாதையோ, அழகர்கோவில் ரோடோ போகலாம். நத்தம் ரோடு மேம்பாலத்தில் மட்டும் ஏறாதீர்கள், வண்டி வருகிற வேகத்தில் ஒதுங்க இடமில்லை. நாய் துரத்தினால் நின்றுவிடுங்கள், முகத்தைப் பார்க்காமல் மெதுவாக நடந்து கடந்துவிடுங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றைக்கே ஊசி. மஞ்சள், சுண்ணாம்பு ஒன்றும் வேண்டாம்.

வெயிலைப் பற்றி மதுரைக்காரருக்குத் தனியாகச் சொல்ல வேண்டுமா? சூட்டுக்கு உடம்பு பழகப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். பழகிய பிறகு சீக்கிரமாகவே வியர்க்கும், வியர்வையில் உப்பு குறையும். பழகும்வரை கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஓடுங்கள்.

உங்கள் விஷயத்தில் ஷூவைவிட எனக்குக் கவலை தூக்கம். பத்து மணிக்குக் கடை சாத்தி, பதினொன்றரைக்குப் படுத்து, நாலரைக்கு எழுந்தால் ஐந்து மணி நேரம். இதில் வாரம் ஆறு நாள் ஓடினால் மூன்று மாதத்தில் ஏதாவது ஒன்று உடையும், காலோ, கடையில் உங்கள் கோபமோ. செவ்வாய், வியாழன், ஞாயிறு போதும். மற்ற நாள் ஆறு மணி வரை தூங்குவதும் பயிற்சிக் கணக்கில்தான் சேரும். எடை குறையுமா என்றால், ஓட்டத்தால் மட்டும் அதிகம் குறையாது. கிலோவுக்கு, கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கலோரி என்று வையுங்கள், 84 கிலோ ஆள் ஐந்து கிலோமீட்டர் ஓடினால் 420. கடை சாத்திவிட்டு வரும் வழியில் இரண்டு பரோட்டாவும் சால்னாவும் அதை நேர் செய்துவிடும்.

அதே கணக்கை வைத்து மராத்தானைப் பாருங்கள். 42.195 கிலோமீட்டர், 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம், 1921-ல் அதையே நிரந்தரமாக்கினார்கள். உங்கள் எடைக்கு ஏறத்தாழ 3,500 கலோரி. தசையிலும் ஈரலிலும் சர்க்கரையாகச் சேமித்து வைக்க முடிவது இரண்டாயிரம் சொச்சம்தான். மிச்சத்துக்குக் கொழுப்பை எரிக்க வேண்டும், மெதுவாக ஓடினால்தான் கொழுப்பு தாராளமாக எரியும். வேகமாக ஆரம்பித்தால் முப்பது, முப்பத்திரண்டாவது கிலோமீட்டரில் சர்க்கரை தீர்ந்து, காலில் ஈயத்தை ஊற்றியது மாதிரி ஆகிவிடும். அந்த இடத்தில் நல்ல திடகாத்திரமான ஆள் ரோட்டோரம் உட்கார்ந்து காரணமில்லாமல் அழுததைப் பார்த்திருக்கிறேன். ஆகவே 21 ஓடியவனுக்கு 42 என்பது இரண்டு மடங்கு என்று நினைக்க வேண்டாம், முதல் முப்பது பஸ் பயணம், பந்தயம் அங்கிருந்துதான் ஆரம்பம் என்று எங்கள் பையன்களிடம் சொல்வேன்.

வழியில் சாப்பிட வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் எந்த நாளிலும் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் போல இருக்கும், நாட்டுப்பழம் சின்னது, இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டக்காரர்களுக்கென்று விற்கும் சர்க்கரை ஜெல் பிடித்தால் ஜெல். கடலை மிட்டாய் ருசிதான், ஆனால் கொழுப்பு இருப்பதால் செரிக்க நேரமாகும், ஓடி முடித்தபின் தின்னலாம். எதுவானாலும் பயிற்சியிலேயே வயிற்றுக்குப் பழக்குங்கள், பந்தயத்தன்று புதிதாக எதையும் வாயில் வைக்காதீர்கள்.

தண்ணீர் விஷயத்தில் நம் ஆட்கள் பயப்படுவது ஒன்று, ஆபத்து வேறொன்று. 2002 பாஸ்டன் மராத்தானில் ஓட்டம் முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு உப்புச் சத்து குறைந்திருந்தது. ஓடும்போது அளவுக்கு மீறிக் குடித்து எடை கூடியவர்களும், நாலு மணி நேரத்துக்கு மேல் எடுத்தவர்களுமே அதில் அதிகம். நீங்களும் நானும் அந்த மெதுவான கூட்டம்தான். ஒவ்வொரு மேசையிலும் பாட்டிலைக் காலி செய்யாமல் தாகத்துக்குக் குடியுங்கள். இளநீரில் பொட்டாசியம் நிறைய, நமக்கு வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். அதனால் நீண்ட ஓட்டத்துக்கு அப்புறம் உப்புப் போட்ட நீர்மோரோ நீராகாரமோ இளநீரைவிட நல்லது என்பேன். இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: வலி தெரியாமல் ஓட மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு கோட்டில் நிற்காதீர்கள். உடம்பில் நீர் வற்றி ஓடும்போது அந்த மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும். இதில் இரண்டாம் கருத்தே கிடையாது.

இப்போது ஜனவரி. சென்னை ஓட்டம் வழக்கமாக ஜனவரித் தொடக்கத்தில், விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார்கள். இன்றிலிருந்து ஏழு மாதம் போல இருக்கிறது. முழு மராத்தான் முடியுமா? தட்டுத் தடுமாறி முடிக்கலாம், முடித்தவர்கள் உண்டு. நான் அனுப்ப மாட்டேன். அந்தக் கால் எலும்பு ஆறவே ஒரு மாதம், மறுபடி அரை மணி நேரம் ஓட மூன்று மாதம் என்று வைத்தால் தீபாவளி வந்துவிடும். கடையில் தீபாவளிச் சரக்கு நேரத்தில் ஓட்டம் எங்கே? மழையும் அப்போதுதான் வரும். மிச்ச நாளுக்குள் 30 கிலோமீட்டர் ஓட்டங்களைத் திணித்தால் மறுபடி அதே எலும்பு. நவம்பர் கடைசியில் 14, டிசம்பரில் ஒரு முறை 18 ஓட முடிந்தால் ஜனவரியில் அரை மராத்தானைச் சிரித்த முகத்தோடு முடிப்பீர்கள். முழுதுக்கு அதற்கடுத்த வருடம். அதற்குள் வாரம் 40, 45 கிலோமீட்டர் நாலைந்து மாதம் நிலையாக ஓடி, 28-க்கு மேல் மூன்று நீண்ட ஓட்டம் முடித்து, கடைசி இரண்டு மூன்று வாரம் குறைத்து ஓய்வெடுத்திருக்க வேண்டும். நேரக் கணக்கே வேண்டாம் என்று தோன்றினால், பிப்ரவரியில் ஆரோவில்லில் காட்டுப் பாதையில் ஒரு மராத்தான் நடத்துகிறார்கள். யார் முதலில் வந்தார் என்று அங்கே அறிவிப்பதில்லை. 4:40-ஐ இன்னும் மனதில் வைத்திருக்கும் உங்களை மாதிரி ஆளுக்கு முதல் மராத்தானாக அதையே சிபாரிசு செய்வேன்.

மகனைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள், இரண்டாவது சுற்றிலேயே என்னை விட்டுவிட்டுப் போய்விடுகிறான் என்று. அவன் பின்னால் ஓடித்தான் முன்னங்கால் போனது என்று நினைக்கிறேன், நீங்கள் எழுதவில்லை என்றாலும். போகட்டும், விடுங்கள். 14 வயதுப் பையன் அவன் சுற்றை முடித்துவிட்டுச் சும்மாதான் நிற்பான். கையில் ஒரு பாட்டில் உப்பு மோரையும் இரண்டு நாட்டுப்பழத்தையும் கொடுத்துக் குளத்தின் மேற்குக் கரைப் படியில் உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் உங்கள் எட்டு நிமிட வேகத்தில் சுற்றி வந்து ஒவ்வொரு தடவையும் அவனிடம் ஒரு நிமிடம் நின்று, ஒரு வாய் குடித்துவிட்டுப் போங்கள். உங்களுக்கு மண்டகப்படி அதுதான்.